கறி என்றொரு வினைச்சொல்

பத்து காந்தோங் லாயத்துப் பலகையில்
நேற்று மாலை நான்தான் எழுதினேன்,
மிஸ்டர் கூ தொலைபேசியில் சொல்லச் சொல்ல:
ஏழாம் எண் பெட்டைக்குதிரை. காலை ஆறு மணி. 'கறி'.
சி, யு, இரண்டு ஆர், ஒய்.
வேறெப்படி எழுதுவதாம் அதை?

விடிந்ததும் அலுவலக வாசலில்
தைரியநாதன் நின்றார்.
"எழுத்துக் கூட்டி மூணு தடவ படிச்சேன்மா.
பந்தயத்துல தோத்தா
சட்டியிலயா போடுவாங்க?"
பின்னால் ஏழாம் எண்,
தன் பேச்சுத்தான் நடக்கிறதென்று தெரியாமல்
அவர் பைக்குள் கேரட் தேடிக்கொண்டிருந்தாள்.

அகராதியை எடுத்தேன்.
ஒரே எழுத்துகள், இரண்டு சொற்கள்.
ஒன்று நம்முடையது,
கப்பலேறிப் போய்க் குடியுரிமை வாங்கிக்கொண்டது.
மற்றது பழைய பிரெஞ்சு: ஆயத்தம் செய்;
பிறகு, தோலைப் பதமாக்கு, குதிரையைத் தேய்த்துவிடு.
ரத்த உறவே கிடையாது.
பதிவிலாகாவில் பெயர் கூப்பிட்டதும்
ஒன்றாக எழுந்து நிற்கும்
இரண்டு அஞ்சலைகள்.

நமக்கு இந்தத் தொல்லையில்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சின்ன ர போட்டால்
அடுப்பில் கிடப்பதும் கரி, காட்டில் பிளிறுவதும் கரி.
வாயை மூடிக்கொண்டேன்.

"தேய்க்கத்தான் சொன்னாங்களா!"
அவர் போய்விட்டார், குதிரையும்.
நானும் அகராதியை மூடியிருக்கலாம்.

அடியில் இன்னொரு பத்தி.
ஏதோ பழங்கதையில் ஃபேவல் என்றொரு குதிரை,
மங்கிய செந்நிறம், வஞ்சகத்தின் வடிவம்.
அதைத் தேய்த்துவிடுகிறவன் ஆதாயம் தேடுகிறவன்.
காதுக்குக் காது போகையில் குதிரை நழுவி விழ,
'ஃபேவர்' ஏறி உட்கார்ந்துகொண்டது.

கால்கை பிடிப்பதுதான்
காக்காய் பிடிப்பது ஆயிற்று என்பார்களே நம்மவர்கள்,
அதே கதை.
அவர்கள் ஒரு குதிரையைத் தொலைத்தார்கள்.
நமக்கு எங்கிருந்தோ ஒரு காகம் கிடைத்தது.

மேசையில் மிஸ்டர் கூவுக்கென்று
நான் வாங்கி வைத்த தாவ் சார் பியா, இரண்டு பெட்டி.
வெள்ளிக்கிழமை சம்பள உயர்வுப் பட்டியல்.
ஒரு பெட்டியை இழுப்பறைக்குள் தள்ளினேன்.
ஒன்றை மட்டும்.

ஜன்னலுக்கு வெளியே
தைரியநாதன் இரும்புச் சீப்பை வட்டம் வட்டமாக ஓட்ட,
தோற்ற குதிரை
கீழுதடு தொங்க நின்றபடியே தூங்கியது.
அவருக்கு அதனிடம் ஆக வேண்டியது எதுவுமில்லை.

மாலையில் பலகையைத் துடைத்துத்
தமிழில் எழுதினேன்: தேய்க்கவும்.
மறுநாள் காலை
நேபாளத்துப் பையன் வந்து நின்றான்,
இது என்ன எழுத்து அக்கா என்று.