ஒண்ணும் இல்லை என்று ஒரு சான்று

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், பதினொரு மணிக்குள்
துளுக்காணம் வந்துவிடுவார்,
ராணிப்பேட்டை பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே.
மஞ்சள் பையில் ஒரு கண்ணாடி பாட்டில்.
அதன் கழுத்தில் நூல் கட்டிய அட்டைத் துண்டு:
“மேற்குக் கிணறு. மோட்டார் அரைமணி ஓடினப்புறம் புடிச்சது.”
எங்கள் பயிற்சிப் பெண்ணுக்கே
அந்த அரைமணி மறந்துபோகும்.

ஆறு வருடமாக நான்தான் வாங்கி வைக்கிறேன்.
குரோமியம், உப்பு, கடினத்தன்மை.
புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்தான் மாறும்.
முன்னால் இருப்பது அப்படியே கிடக்கும்,
பாலாற்று மணலில் பாதி புதைந்த லாரி டயர் போல.

“மாசாமாசம் எதுக்குங்க, மாறவா போகுது?”
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
மின்விசிறிக்கு நேராக நகர்ந்து உட்கார்ந்தார்.
“எங்கப்பாரு கைநாட்டு வெச்சாரும்மா.”

கெங்கையம்மன் கோயில் பந்தலில் ஐந்து பெரியவர்கள்.
தோல் கம்பெனிக்காரர் கொண்டுவந்த பத்திரம்,
மைப்பெட்டி, ஒரு கூடை சாத்துக்குடி.
வேலை வரும், ரோடு வரும், கரண்டு வரும்.
எல்லாமே வந்ததாம், அதில் பொய்யில்லை.
பெரியவங்க பார்த்துச் சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று
ஊர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டதாம்.
உப்பு விற்க வந்த ஒருத்தி மட்டும்
தலைக்கூடையை இறக்காமலே கேட்டாளாம்:
“தோல் கழுவுன தண்ணி எங்க போவும் சாமி?”
சிரித்தார்களாம்.
அப்பாவும்.

“அவ பேரு யாருக்கும் தெர்ல. கேட்டுப் பாத்துட்டேன்.”

மூத்தோர் சொல்லும் முழுநெல்லிக்காயும்
முன்னே கசக்கும், பின்னே இனிக்கும் என்பார்கள்.
அந்தச் சொல் முன்னே இனித்தது.
பின்னே வந்ததைத்தான்
நான் மாதாமாதம் தட்டச்சு செய்து தருகிறேன்.
தகரப்பெட்டியில் பத்திர நகலின் மேலேயே அடுக்கி வைக்கிறாராம்.
“திட்றதுக்கு இல்லம்மா. அவரு நல்லவரு.
நல்லவங்க எங்க தப்புனாங்கன்னு
தெரியணுமில்ல பின்னாடி வர்றவனுக்கு?”

இந்த மாதம் இரண்டு பாட்டில்கள்.
இரண்டாவது, மருமகள் ஊர்த் தண்ணீர். மலையடிவாரம்.
சிவப்புப் பெயின்ட் அடித்த முளைக்குச்சிகள்
போன வாரம்தான் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.
என்ன கம்பெனி என்று இன்னும் தெரியாது.
“வரட்டும், வராமப் போட்டும்,
அத்த அந்த ஊரு பேசிக்கட்டும்.
இதுல ஒண்ணும் இருக்காதும்மா.
ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடு. தேதியோட.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு புல்துரும்பு மிதந்தது, அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் காகிதத்தைக் கண்ணருகே பிடித்து
எழுத்துக் கூட்டினார்: “கண்டறியும் அளவுக்குக் கீழே.”
முகம் சுருங்கியது.
“ஒண்ணுமில்லன்னு போட மாட்டீங்களா?”
“எங்க கருவிக்குத் தெரிஞ்சவரைக்கும்தாங்க
நாங்க சொல்ல முடியும்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும்வரை.
“தெரிஞ்சவரைக்கும்.
அந்த அஞ்சு பேருல ஒருத்தரும்
இந்த ஒரு வார்த்தைய சொல்லலியேம்மா.”

கட்டணம் பத்து ரூபாய்த் தாள்களாக இருந்தது, எண்ண நேரமாயிற்று.
முத்திரையில் மை காய்ந்து
தேதி சரியாக விழவில்லை.
திரும்ப வாங்கி
இன்னொரு முறை அழுத்திக் குத்தினேன்.