தொப்பி

மணிக்கு அறுபதில் போகும்போது
என் தலைக்குள் பாதி மிருதங்கம்தான் வாசிக்கிறது.
வலந்தலை கேட்கிறது, தகரத்தில் கல் விழுவதுபோல.
தொப்பி கேட்பதே இல்லை.
தத், தித், நம்.
நடுவில் ஒரு தொம் இருந்தது, அது
லெட்சுமாங்குடிப் பாலத்தில் தவறி விழுந்து
வெண்ணாற்றோடு போய்விட்டது.

ஆடி மாதம்.
அம்மி பறந்து நான் பார்த்ததில்லை.
தொம் பறக்கிறது, தினமும்,
மன்னார்குடியிலிருந்து திருவாரூர் வரைக்கும்.
பின்னால் ஐஸ் பெட்டியில் நாற்பது பேர் ரத்தம்:
வெறும் வயிற்றில் எடுத்தது, சாப்பிட்டு எடுத்தது,
கமலாபுரத்து ஆசிரியருக்கு மூன்றாம் முறையாகத் தைராய்டு.
பதினொன்றுக்குள் லேபில் சேர்க்க வேண்டும்.
முன்னால் நான், என் ஹெல்மெட், அதற்குள்
எழுநூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய இரண்டு ஸ்பீக்கர்.

கூத்தாநல்லூரில் நஜ்முதீன் செல்போன் கடை.
ஆறு வருடம் ஷார்ஜாவில் கார் ஸ்டீரியோ மாட்டியவர்.
"பேஸைக் கூட்டிக் குடுங்க" என்றேன்.
"மாட்டேன்" என்றார்.
"இருக்கிற பேஸே உங்க காதுக்கு வரலை.
கூட்டினா கரகரன்னு காத்துதான் கேட்டுக்கிட்டுப் போகும்.
கண்மை வச்சிருக்கீங்களா?"

காது விளிம்பெல்லாம் மை தடவச் சொல்லிவிட்டு
காலண்டரில் போன மாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றினேன்.
உள்துணியில் கறுப்பாக என் காது.
ஸ்பீக்கர் அதற்கு இரண்டு விரற்கடை முன்னால்
கன்னத்து எலும்புக்குக் கச்சேரி செய்துகொண்டிருந்தது.
இரண்டு வருடமாக.

துணியைப் பிரித்தார். தெர்மாகோலைக் குடைந்தார்.
ஸ்பீக்கரை நகர்த்தி, பின்னால் ஸ்பாஞ்சு கொடுத்து
மடலைத் தொடாமல், ஆனால்
தொட்டுவிடுமோ என்கிற தூரத்துக்குக் கொண்டுவந்தார்.
சுற்றிலும் பழைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர்.
"முன்னாடி போற சத்தமும் பின்னாடி போற சத்தமும்
ஒண்ணை ஒண்ணு தின்னுடும்மா. நடுவுல சுவர் வேணும்."
தாடைக்குக் கீழே நுழையும் காற்றுக்கு
என் துப்பட்டாவையே கழுத்தில் சுற்றிக் கதவாக்கச் சொன்னார்.
"பாதிக்கு மேல வைக்காதீங்க. பஸ்காரன் ஹாரன் கேக்கணும்."
நூற்றிருபது வாங்கினார்.
ஃப்ரிட்ஜ் ரப்பருக்குக் காசு வேண்டாம் என்றார்.

பாண்டவையாற்றுப் பாலம் ஏறும்போது வந்தது.
தொம்.
வண்டிதான் பள்ளத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.
தார் வழவழவென்று கிடந்தது.
மறுபடி, வயிற்றுக்குப் பக்கத்தில்,
தொம்.

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.
அந்தப் பதிவில் வாசிப்பது நான்.
பத்தொன்பது வயது, மார்கழி, ஒரு சின்னக் கோயில் மண்டபம்,
முன்வரிசையில் ஏழு பேர், அதில் ஒருவர் தூக்கம்.
தனி ஆவர்த்தனம் பதினோரு நிமிடம்.
அதற்கப்புறம் டி.எம்.எல்.டி. சேர்ந்தேன், ஊசி பிடித்தேன்.
கேட்கும்போதெல்லாம் தொம் குறைந்தது.
பதிவு செய்த செல்போனைத் திட்டினேன்,
பிறகு ஸ்பீக்கரை, பிறகு
இந்தக் காற்றை.

இப்போது காற்று வெளியே நிற்கிறது.
தொம் வருகிறது. வந்து, பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறது.
அடி சரி. கணக்கும் சரி.
கும்கி இழுக்கும் இடத்தில் தோல் மட்டும் பேசுகிறது.
தொப்பியில் அப்பிய ரவை காய்ந்திருக்கிறது.
மூன்றாவது நிமிடத்திலேயே தெரிகிறது.
ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்திருந்தால் போதும்,
சொம்பு முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.
கையை எடுத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று
எட்டு நிமிடம் காய்ந்த தோலை அடித்திருக்கிறேன்,
ஏழு பேருக்கு முன்னால்.

திருவாரூர் போகும்போது பதினொன்று நாற்பது.
இளஞ்சேரன் பெட்டியைத் திறந்து
குழாய்களை ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே பிடித்தார்.
"ஏன் இவ்வளவு லேட்டு?"
ஹெல்மெட்டைக் கழற்றாமலே
கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன்போல:
"ரவை காஞ்சுபோச்சு."
"உப்புமாவா?"
கழற்றினேன்.
மை அப்பிய என் காதுகளைப் பார்த்தார்,
ஒன்றும் கேட்காமல்
கமலாபுரத்து ஆசிரியரின் குழாயை எடுத்தார்.