மூன்று காரணம் போதும் என்றார் மேயர்

மூன்று காரணம் எழுதித் தா, போதும்
என்றார் மேயர் ஓவிடியோ பார்ரியா.
நகராட்சித் தளத்தின் மென்பொருளை
இப்போது எதற்கு மாற்ற வேண்டும்?
ஓடுகிறதே.

எழுத உட்கார்ந்தேன்.
வெளியே சிலோயேவின் மழை,
நேற்று விட்ட இடத்திலிருந்து.

முதல் காரணம், ரோசமெல்.
ஒன்பது வருடம் முன்பு இதைக் கட்டியவன்.
முதன்மைக் கடவுச்சொல்லைத் தன்னோடு எடுத்துக்கொண்டு
புந்தா அரேனாஸுக்குப் போய்விட்டான்.
போன் செய்தால் எடுக்கிறான், நல்லவன்தான்.
நாயின் பெயரைப் போட்டுப் பார் என்கிறான்.
எந்த நாய் என்றால்
வெகுநேரம் யோசிக்கிறான்.

இது காரணமா, புகாரா?
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

முதல் காரணம்.
போன ஜூனில் படகு நேரம் பார்க்க வந்தவர்களை
ஒரு சூதாட்டக்கூடம் வரவேற்றது,
பொன் நாணயங்கள் கொட்டக் கொட்ட.
பங்குத்தந்தை கூப்பிட்டார்:
"எதெல்மிரா, இதில் ஏழு மணிப் படகு எங்கே?"
நுழைந்தவன் பூட்டை உடைக்கவில்லை.
அந்தப் பூட்டுக்குச் சாவி
ஆறு வருடமாக உலகமெங்கும் கிடைக்கிறது.
பூட்டைச் செய்தவர்களே கைவிரித்துவிட்டார்கள்,
இந்தப் பதிப்புக்கு இனி எங்களிடம் மருந்தில்லை என்று.
காப்புப் பிரதியை எடுத்துப் போட்டேன்.
பத்தே நாள்.
பழைய குருடி, கதவைத் திறடி.

இரண்டாவது காரணம்.
தீவில் மேசைக் கணினிகள் பதினொன்று,
அதில் நான்கு இந்தக் கட்டடத்தில்.
மற்ற எல்லோரும்
ஒரு கையில் கயிறு, மறு கையில் போன்.
போனில் நம் எழுத்து எறும்பு.

மூன்றாவதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் பதினொன்று, காலை ஒன்பது நாற்பது.
சுகாதாரத் துறை அழைத்தது. சிவப்பு அலை.
சிப்பி எடுக்காதீர்கள், உண்ணாதீர்கள்,
வேகவைத்தாலும் விஷம் போகாது.
பன்னிரண்டு சொல்கூட இல்லை. தட்டினேன்.
'வெளியிடு' பொத்தானை அழுத்தினேன்.
வெள்ளைத் திரை.
மறுபடி அழுத்தினேன்.
வெள்ளை.

சர்வர் கம்பெனி இரவோடு இரவாகத்
தன் பக்கத்தைப் புதிதாக்கியிருந்தது.
நம்முடையதற்கு அந்தப் புது மொழி தெரியவில்லை.
முகப்பில் மட்டும், என்றோ சேமித்த நகலில்,
அசையாமல் நின்றது பிப்ரவரி:
கடல் சுத்தம். சிப்பி உண்ணலாம்.

ஓடினேன். படகுத்துறை, ரொட்டிக்கடை, பள்ளி.
வானொலியில் உள்ளூர்ச் செய்தி பதினொன்றுக்குத்தான்.
க்ளோரிண்டா உவென்சூரின் வீடு
குன்றுக்கு அந்தப்பக்கம், கடைசி.
அவள் ஒழுங்கானவள்.
நம் தளத்தைப் பார்த்த பிறகுதான்
பானையை அடுப்பில் ஏற்றியிருந்தாள்.

நான் போனபோது அவள் கணவர்
தன் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்,
யாருடையதோ என்பதுபோல.

கடற்படைப் படகு வந்தது.
மூன்று நாள் மூச்சுக்குழாய்.
பிழைத்துக்கொண்டார்.
க்ளோரிண்டா என்னைத் திட்டவில்லை.
போனை மட்டும் நீட்டினாள்.
நம் சின்னம், நம் முத்திரை, என் பெயர்,
கடல் சுத்தம்.

மேயர் அவர்களே,
அன்றைக்கும் அது
ஓடிக்கொண்டுதான் இருந்தது.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.
மூன்றாவதை முதலில் போடு என்றார்.
பிறகு, எவ்வளவு ஆகும் என்றார்.
சொன்னேன்.
இருமினார். கையெழுத்திட்டார்.

இப்போது ஆகஸ்ட்.
இரண்டாயிரத்து முந்நூறு பழைய அறிவிப்புகளை
ஒவ்வொன்றாய்க் குடிமாற்றுகிறேன்.
பாதிக்குமேல் தொலைந்துபோன ஆடுகள்.
புதியது ஒவ்வொன்றையும் சேமிக்குமுன்
என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறது:
இது எந்த நாள் வரை உண்மை?

ஆடுகளுக்கு எதையோ போட்டு நகர்கிறேன்.
இன்று பிப்ரவரி அறிவிப்பு வந்தது.
அழிக்கவில்லை.
நாள் கட்டத்தில்
துடித்துக்கொண்டிருக்கிறது கோடு.
தேநீர் ஆறிவிட்டது.