ஐந்து ஃபென்னிக் பச்சை

லைப்சிக் சந்தையில் நிறுத்து விற்றார்கள்,
உருளைக்கிழங்கைப் போல.
அரைக் கிலோ ஈஸ்டர் வாங்கினேன்.

முயல் ஓட்டும் முட்டை வண்டி.
தொப்பி போட்ட கோழிக்குஞ்சுகள்
வரிசையாகப் பள்ளிக்குப் போகின்றன.
தடவினால் விரலில் புடைக்கும் லில்லிப் பூ.
மினுக்குத்தூள் இன்னும் உதிர்கிறது,
என் சட்டைக் கையில், ரொட்டியில்.

பின்புறம் எல்லாம் ஒரே கை.
ஸிட்டாவிலிருந்து ஓட்டிலி,
காமென்ஸில் இருக்கும் மேட்டாவுக்கு:
'நெசவாலையில் இரண்டு நாள் விடுப்பு.
இருமல் தேவலை.
உன் அத்தை இன்னும் பேசவில்லையா?'
அவ்வளவுதான். அட்டை என்றால் ஊரே வாசிக்கும்.
ஊர் என்றால் முதலில் தபால்காரர்.

தபால்தலை பெயர்ப்பது என் தொழிலல்ல,
கெட்ட பழக்கம்.
1911இன் பச்சைத் தலையைக் கெட்டில் ஆவியில் காட்டினேன்.
அடியில் எறும்பு ஊர்ந்த அளவு எழுத்து:
'இங்கேயும் வந்துவிட்டீர்களா, ஹெர் லெபரெக்ட்?'

சிரித்துவிட்டேன்,
நூறு வருடம் தாமதமாக.

1912இன் தலையில் முத்திரை வட்டம்
அட்டையில் கிடக்கும் மீதி வட்டத்தோடு
மயிரிழை சேரவில்லை.
பெயர்த்து ஒட்டிய தலை அது.
அடியில் ஓட்டிலி:
'பேக்கரி நாய் கடித்தது ஆறிவிட்டதா?'
அதன் கீழே வேறு பேனா,
கணக்கு எழுதிப் பழகிய நிமிர்ந்த எழுத்து:
'ஆறியது. நாயும் நலம்.'

1913: 'நாயும் நலம் என்று மேட்டா எழுதினாள். சந்தோஷம்.'
(ஆக, அவளும் கெட்டில் வைத்திருக்கிறாள்.)

1914: 'அவளுக்கு வயலட் பூ பிடிக்கும்.
நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.'
கீழே ஒரே சொல்:
'தெரியும்.'

1915இல் ஒரே ஓர் அட்டை.
குஞ்சு இல்லை, லில்லி இல்லை,
சாம்பல் நிறத் தாள்,
கணக்கு எழுதிப் பழகிய அதே எழுத்து:
'ஈஸ்டர் வாழ்த்துகள், மேட்டா. நலமாக இருக்கிறேன்.
இங்கே தூறல்.'
போர்முனைத் தபாலுக்குக் காசு கிடையாது.
ஆகவே தலை இல்லை.
ஆகவே ஒளித்துச் சொல்ல
இடமில்லை.

ஆனால் வலது மூலையில்
பச்சைப் பென்சிலில் ஒரு கட்டம்,
பல் விளிம்பு உட்பட.
உள்ளே அழுத்தி அழுத்தி நிரப்பியிருக்கிறது,
தாள் பளபளக்கும் அளவுக்கு.
அவனா, அவளா?

விளக்கைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன்.
அழிப்பான் மேசைமேல்தான் கிடந்தது.
கெட்டில் வேறு, பழக்கதோஷத்தில்,
கூவிக்கொண்டிருந்தது.
எழுந்துபோய் அணைத்தேன்.