இரண்டு, என்று எழுதினேன்

நண்பகலிலும் விடியாத மாதம்.
ட்ரோம்சோவில் சன்னலுக்கு வெளியே இருப்பதும்
நான் படம் பார்க்கும் அறைக்குள் இருப்பதும்
ஒரே இருட்டு.

திரையில் தூர்லைஃப் என்பவரின் வலச் சிறுநீரகம்.
ஐம்பத்தெட்டு வயது. சொந்தப் படகு. காட் மீன்.
கல்லடைப்பாக இருக்குமென்று வந்தவர்.
சக்கரத்தை உருட்டினேன்,
சீவிச் சீவி அடுக்கிய சாம்பல்
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
நடுவில் ஒரு கட்டி, மூன்று சென்டிமீட்டர்,
கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் இடறும்.
மேல்முனையில் இன்னொன்று.
இரண்டு, என்று எழுதினேன்.
காப்பி ஆறியிருந்தது. குடித்தேன்.

அறுவை அறையிலிருந்து ஈவார் கூப்பிட்டார்:
"கொழுப்பை விலக்கினால் பின்பக்கம் ஒன்று,
மிளகைவிடக் கொஞ்சம் பெரிது.
உள்ளே ஒன்று, புரோபை அதன்மேலேயே வைத்த பிறகுதான்.
உன் தாளில் இல்லையே."
குரலில் கோபமில்லை.
இருந்திருக்கலாம்.

திரும்பிப் போய்த் தேடினேன்.
மிளகு எந்தப் படத்திலும் இல்லை:
அவர் பிடித்த ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே
நழுவியிருக்கிறது.
உள்ளே இருந்தது, இருந்தது.
சாயம் புறணியை மட்டும் வெளுக்கவைத்த நொடியில்
கறுப்புக்குள் கறுப்பாக உட்கார்ந்திருந்தது;
சாயம் இறங்கிய பின் எடுத்த அறுபத்து மூன்றாம் படத்தில்
ஒளியவே இல்லை.
இரண்டு கிடைத்த திருப்தியில்
என் கண் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது.

நான்காம் நாள் வார்டுக்குப் போய்ச் சொன்னேன்.
தையலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
"என் எதிரொலிக் கருவியிலும்
கடல்தரையை ஒட்டிய அரை மீட்டர் வராது.
மீன் அங்கேதான் படுக்கும்.
விற்றவன் அதைச் சொல்லவில்லை."
ஆறுதலாகச் சொன்னதில்லை அது.
விற்றவனைப் பார்ப்பதுபோலத்தான் என்னைப் பார்த்தார்.
"இடப்பக்கம்?"
ஒன்றும் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது.
"ஒன்றும் தெரியவில்லை" என்றேன்.

ஒரே சிறுநீரகத்தில் நாலு என்றால்
ரத்த வழியாக வந்திருக்கலாம்.
மகள் இசெலின், இருபத்தாறு வயது,
ஹாமர்ஃபெஸ்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்தாள்,
ஈர பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு
மேசையில் படுத்தாள்.
மூச்சை இழு. பிடி. விடு.

அவள் போய் மூன்று மணி நேரம் ஆகிறது.
சாவியை ஆட்டிக்கொண்டே காவலாளி
இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டார்.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.
அதனால்
எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.