சான்றுப் பொருள் ஒன்று

நீளம் இரண்டே முக்காலடி.
பலாமரப் பிடி, பித்தளைப் பூண்.
அலகில் கொத்திய எழுத்து:
உபயம், சித. பெரி. நாச்சியப்பன், கோட்டையூர்.
‘உ’வின் சுழிக்குள் காய்ந்திருந்தது
சோலையப்பனின் ரத்தம்.
அதையும் எழுதினேன். நான் ஸ்டேஷன் ரைட்டர்.

வெட்டியவன் ஆண்டிச்செல்வம், பங்காளி.
கண்மாய்க் கரையில் ஒரு புளியமரம்,
இந்த வருஷம் உலுக்குவது யார் என்பதுதான் வழக்கு.
வெறுங்கையோடுதான் கிளம்பினானாம்.
வழியில் கருப்பர் பொட்டல்.
செம்மண்ணில் நட்ட அரிவாள்கள் நூற்றுக்கும் மேல்,
சிலது ஆளுயரம், சிலது துருவேறி
கருவேலம் முள்ளோடு முள்ளாய்.
ஒன்றைப் பிடித்து இழுத்தான்.
“வரலைன்னா விட்டுட்டுப் போயிருப்பேன்மா.
வந்துச்சு.
குடுத்தாருன்னு நினைச்சேன்.”
வாக்குமூலத்தில் இந்த வரியை மட்டும்
இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டார்.

படிவத்தில் ஒரு கட்டம்: ஆயுதத்தின் உரிமையாளர்.
நாச்சியப்பனைச் சிங்கப்பூரில் போனில் பிடித்தோம்.
மகனுக்கு நிரந்தரவாசம் கிடைத்ததற்கு நேர்த்தியாம்.
“நட்ட அன்னைக்கே அது என்னுது இல்லைங்க.
ஆசாரிக்குக் கூலி குடுத்த ரசீது இருக்கு,
வேணும்னா அனுப்புறேன்.”
மலைக்கண்ணு வேளார்தான் சொன்னார்,
கருப்பர்னு எழுதுங்க.
“தகப்பனார் பேரு?” என்றேன், பழக்கதோஷம்.
அவர் சிரிக்கவில்லை.

இரவுப் பணியில் சொத்து அறைச் சாவி
என் மேஜை டிராயரில் கிடக்கும்.
கதைகளில் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது.
சக்கரம் போகிறது, கழுத்தை அறுக்கிறது,
விரலுக்குத் திரும்புகிறது.
துடைத்துக்கொண்டு வருமா, அப்படியே வருமா,
யாரும் கேட்டதில்லை.
வஜ்ராயுதத்துக்குத் தன் முதுகெலும்பைக் கழற்றித் தந்தார்
ஒரு முனிவர்.
எந்தக் கணுவில் கொத்தினார்கள் ‘உபயம்’ என்று?
அசுவத்தாமனுக்கு ஏவத் தெரியும்.
திருப்பத் தெரியாது.
எங்காவது இறக்கியாக வேண்டுமே,
ஒரு வயிற்றின் மேல் இறக்கினான்.

சோலையப்பனின் மனைவி வெள்ளையம்மாளுக்கு ஏழு மாதம்.
காரைக்குடி ஆஸ்பத்திரியில், பிணவறை வாசலில்
அவள் சரிந்தபோது பிடித்தது நான்.
காக்கிச் சட்டையில் அவள் வியர்வை
சாயங்காலம்வரை ஈரமாய் இருந்தது.

பார்வை மகஜருக்குப் பொட்டலுக்குப் போனோம்.
பிடுங்கிய இடத்தில் ஒரு பள்ளம்.
ஆழம் ஒன்பது அங்குலம்,
உள்ளே முந்தின நாள் மழை,
மிதந்தபடி ஒரு கட்டெறும்பு.
எறும்பை எழுதவில்லை.

மறு அமாவாசைக்கு வேளார் ஸ்டேஷனுக்கு வந்தார்.
“ஒண்ணு குறையுது.”
“நூறு நிக்குதே அய்யா.”
“நூறும் நூறு பேரு வாக்குல்ல.
அதுக்கு இது எப்படி ஈடு?”
“கேஸ் முடியணும்.”
“முடிஞ்சா?”
அழித்துவிடுவார்கள் என்று சொன்னேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
துண்டை உதறித் தோளில் போட்டார்,
படியிறங்கினார், திரும்பி வந்தார்.
“நிக்குதா, படுத்திருக்கா?”
“படுத்திருக்கு.
காடாத்துணி சுத்தி, அரக்கு முத்திரை வச்சு.”
வேறெதுவும் கேட்கவில்லை.
மேஜையோரம் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது
அவர் போன பிறகு.

பன்னிரண்டரைக்குக் கரண்ட் போனது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சொத்து அறையைத் திறந்தேன்.
திருட்டு மோட்டார், சாராயக் கேன்கள்,
யாரோ ஒருத்தியின் ஒற்றைச் செருப்பு.
முத்திரை கலையாமல் அதைத் தூக்கி
மூலையில் சுவரோடு நிறுத்தினேன்.
கனம். நினைத்ததைவிடக் கனம்.
பழத்தைக் கீழே வைத்தேன்.

பதிவேட்டில் கை தன்னால் எழுதிவிட்டது:
‘எலுமிச்சை, ஒன்று.’
அடித்தேன்.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வேண்டும், அது விதி.
போட்டேன்.