இரண்டு பிறைகள்

பஃபலோவில் பனி கொட்டுகிறது. மணி நாலு ஐம்பது.
ஐந்தரைக்குள் ஆணையத்தின் வாசலைத் தாண்டவேண்டும்
ஆண்டறிக்கை.

வக்கீல் அனுப்பிய பிடிஎஃப் அழகாகத்தான் இருந்தது:
நீலக் கட்டம், சாய்ந்த எழுத்து, தலைவரின் பல்.
வாசலுக்கு அழகு ஆகாது.
உரித்துக் கொண்டுவா என்கிறது.

உரித்துக்கொண்டே வந்த வில்மா ஓஸ்ட்ரோவ்ஸ்கி
பதினேழாம் பக்கத்தில் நின்றாள்.

மூலத்தில்
இரண்டு பிறை அடைப்புக்கு நடுவே
ஒடுங்கிக் கிடந்த நாலு மில்லியன் டாலர் நட்டம்
மாற்றியதில் பிறைகள் உதிர்ந்து
லாபமாய் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது.

யாரும் பொய் சொல்லவில்லை.

இடப்பிறை ஒரு தட்டு,
வலப்பிறை ஒரு தட்டு.
நட்டம் தன் இடத்துக்குத் திரும்பியது.

ஐந்து இருபத்தெட்டு:
ஏற்கப்பட்டது.

கீழே அவள் கார்
வெள்ளை மேடாகியிருந்தது.
கையுறையால் தடவித் தடவிப் பார்க்கிறாள்,
கைப்பிடி எங்கே என்று.